பக்ரீத் ஆட்டுக்குத் தோசை ஊட்டலாமா?

கேட்டவர் ஆறேழு வரிதான் எழுதியிருக்கிறார். அவர் குடியிருக்கும் காம்பவுண்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் முஸ்லிம்கள். பக்ரீத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கும்போதே ஒரு வெள்ளாட்டுக் கிடாவை வாங்கிவந்து முருங்கை மரத்தில் கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டு இவருடைய ஏழு வயது மகனும் காலையும் மாலையும் அதற்குத் தோசை ஊட்டுகிறான். "கொஞ்சி வளர்த்த ஆட்டையே அறுக்க எப்படி மனம் வருகிறது? கறிதான் நோக்கமென்றால் கடையில் வாங்கிப் பங்கிட்டால் ஆகாதா? அந்த வீட்டில் இந்த நாட்களில் என்னதான் நடக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு இதற்குள் இன்னொரு கேள்வியும் தெரிகிறது. அன்றைக்குக் காலையில் என் மகனை நான் என்ன செய்வது என்பதுதான் அது. அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மார்க்கச் சட்டம் கற்ற ஆலிம் அல்லன். திண்டுக்கல் பக்கம் கால்நடை மருத்துவனாக இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பள்ளிவாசலில் கூட்டுக் குர்பானிக் கணக்கை, அதாவது பலர் பங்கு சேர்ந்து பெருநாளுக்குப் பிராணி அறுக்கும் கணக்கை, பதினாறு வருடமாக எழுதிவருகிறேன். ஆகவே ஆட்டைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். வீடுகளில் நடப்பதைப் பற்றிச் சொல்வது நான் கண்ட அளவுக்கு உண்மை. மார்க்கச் சட்டம் பற்றிச் சொல்வது ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அதில் மத்ஹபுக்கு மத்ஹபு, அதாவது சட்டப் பிரிவுக்குச் சட்டப் பிரிவு, வேறுபாடு உண்டு. எங்கள் வீட்டிலேயே இரண்டு மத்ஹபு. நாங்கள் ராவுத்தர்கள், ஹனஃபி. மனைவி பிறந்தது கீழக்கரையில். கடற்கரை ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஷாஃபி. திருமணமாகி வந்த முதல் பெருநாளில், என் அத்தா வாங்கிவந்த கிடாவின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இதற்கு இன்னும் வயது காணாதே" என்று மனைவி சொன்னார். அந்தப் பேச்சு முப்பது வருடமாக எங்கள் வீட்டில் முடியவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஆட்டை முன்கூட்டியே வாங்கி, வளர்த்து, பாசம் வைத்து, பிறகு அறுக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. மேடையில் உருக்கமாகப் பேசுகிறவர்கள் சிலர் அப்படிச் சொல்வார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். சட்ட நூல்கள் கேட்பவை வேறு. பிராணி உரிய வயதைக் கடந்திருக்க வேண்டும், குறையில்லாமல் இருக்க வேண்டும், கொடுப்பவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், உரிய நேரத்தில் அறுக்கப்பட வேண்டும். பெருநாளன்று காலையில் வாங்கித் தொழுகை முடிந்ததும் அறுத்தாலும் குர்பானி நிறைவேறிவிடும். நல்ல பிராணியாகத் தேர்ந்தெடுப்பதும் தீனி போட்டுக் கொழுக்க வைப்பதும் விரும்பத்தக்கவை, அவ்வளவுதான். ஆறு நாள் முன்பே ஆடு வந்து நிற்பதற்குக் காரணம் சந்தை. எங்கள் பக்கத்து அய்யலூர் ஆட்டுச் சந்தை வியாழக்கிழமை கூடும், எட்டயபுரத்தில் சனி, செஞ்சியில் வெள்ளி. பெருநாளுக்கு முந்தைய கடைசிச் சந்தையில் விலை ஏறிவிடும், நல்ல கிடா எல்லாம் விடிவதற்குள் லாரி ஏறிவிடும். அதற்கு முந்தைய சந்தையில் வாங்கியவர் பிழைத்தார். வாங்கியதை எங்காவது கட்டித்தானே ஆகவேண்டும்? கட்டிய இடத்தில் பிள்ளைகள் இருந்தால் பெயர் வைக்காமல் விடுவார்களா?

கடைக்கறி விஷயம். கடையில் பத்துக் கிலோ வாங்கி ஏழைகளுக்குக் கொடுத்தால் அது தர்மம். நல்ல காரியம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் குர்பானி ஆகாது. இதில் மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. கொடுப்பவரின் பெயரால், அவருடைய பிராணி, அந்த நேரத்தில் அறுக்கப்படுவதுதான் வணக்கம். கறி அதற்குப் பின்னால் வருவது. இதை விளங்கிக்கொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. பெருநாள் தொழுகைக்கு முன்பே ஒருவர் அவசரப்பட்டு அறுத்துவிட்டால் அது வெறும் கறிதான், மறுபடி வேறொன்றை அறுக்க வேண்டும் என்பது நபிகள் நாயகம் சொன்ன தீர்ப்பு. அதே ஆடு, அதே கத்தி, அதே கறி. ஒரு மணி நேரம் முந்தியதால் கணக்கில் வரவில்லை. 'அவற்றின் மாமிசமோ ரத்தமோ இறைவனை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அடைகிறது' என்ற கருத்து குர்ஆனின் 22ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டே ஆட்டின் எடையைப் பற்றி மூன்று நாள் பெருமை பேசுகிற ஆட்களும் எங்களிடம் உண்டு.

எதற்காக இந்த வணக்கம் என்ற கதை உங்களுக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். இப்ராஹீம் நபி, மகனை அறுப்பதாகக் கனவு காண்கிறார். இறைவன் கட்டளை என்று துணிகிறார். கடைசி நொடியில் மகனுக்குப் பதிலாக வேறொரு பலி அருளப்படுகிறது. இதில் உறுதியானது எது, வழிவழியாக வந்தது எது என்று பிரித்துச் சொல்கிறேன். குர்ஆனின் 37ஆம் அத்தியாயத்தில் இந்த நிகழ்ச்சி வருகிறது, ஆனால் அந்த இடத்தில் மகனின் பெயர் இல்லை. இஸ்மாயீல் என்பது இன்றைய முஸ்லிம்களில் ஏறக்குறைய எல்லோரும் ஏற்றது. பழைய விரிவுரையாளர்களில் இஸ்ஹாக் என்று கருதியவர்களும் இருந்தார்கள். பதிலுக்கு வந்தது 'மகத்தான பலி' என்றுதான் அங்கே இருக்கிறது. செம்மறிக்கிடா என்பது மரபுச் செய்தி. ஆனால் ஒரு விவரம் அந்த வசனத்திலேயே இருக்கிறது. தந்தை, கனவைச் சொல்லிவிட்டு, "நீ என்ன நினைக்கிறாய், சொல்" என்று பிள்ளையிடம் கேட்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகன் விஷயத்தில் திரும்ப வருகிறேன். பக்ரீத் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதிலும் இரண்டு பேச்சு உண்டு: மாட்டைக் குறிக்கும் 'பகர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து என்பார்கள் சிலர், ஆட்டைக் குறிக்கும் உருதுச் சொல் 'பக்ரி' என்பார்கள் சிலர். நாங்கள் வீட்டில் ஹஜ்ஜுப் பெருநாள் என்றுதான் சொல்வோம், ஹஜ்ஜுக்குப் போனவர்கள் மினாவில் குர்பானி கொடுப்பதும் துல்ஹஜ் மாதத்தின் இதே பத்தாம் நாளிலிருந்துதான் என்பதால்.

வீட்டுக்குள் வேலை பிறை தெரிந்த அன்றே தொடங்கிவிடும். ரமலான் பெருநாள் முந்தைய இரவு வரை நாளையா மறுநாளா என்று தெரியாமல் பெண்களை அலைக்கழிக்கும். மாவு அரைப்பதா வேண்டாமா என்றுகூட முடிவெடுக்க முடியாது. இது பத்தாம் பிறை என்பதால் ஒன்பது நாள் கையில் இருக்கிறது. சந்திரக் கணக்கு என்பதால் ஆண்டுக்குப் பத்து முதல் பன்னிரண்டு நாள் பின்னோக்கி நகரும்: 2023இல் ஜூன் 29, 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. குர்பானி கொடுக்க நினைப்பவர் முதல் பிறையிலிருந்து அறுக்கும் வரை முடி வெட்டக்கூடாது, நகம் களையக்கூடாது என்று ஹதீஸ், அதாவது நபிமொழி, உண்டு. எங்கள் பக்கத்தில் இதைக் கட்டாயமாக அல்லாமல் விரும்பத்தக்கதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் பிறைக்கு முந்தைய நாள் சலூனில் கூட்டம். அடுத்த பத்து நாளும் தாடியைத் தடவிக்கொண்டு திரிகிறவரைப் பார்த்தால், இந்த வருடம் அவர் குர்பானி கொடுக்கிறார் என்று தெருவே தெரிந்துகொள்ளும். வசதியில்லாமல் இந்த வருடம் கொடுக்க முடியாதவருக்கு இது சிறு சங்கடம்தான். ஒன்பதாம் நாள் அரஃபா நோன்பு. அன்று அதிகாலைத் தொழுகையிலிருந்து பதின்மூன்றாம் நாள் மாலைத் தொழுகை வரை ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் இறைவன் பெரியவன் என்னும் தக்பீர் சொல்வார்கள். உங்கள் காம்பவுண்டில் கேட்கும்.

யார் கொடுக்க வேண்டும் என்பதில் ஹனஃபிகள் கண்டிப்பானவர்கள். அத்தியாவசியத் தேவை போக, சுமார் 612 கிராம் வெள்ளியின் மதிப்புக்குச் சொத்தோ பணமோ வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கடமை என்பார்கள். நகை வைத்திருக்கும் பெண்ணுக்குத் தனியாக, கணவனுக்குத் தனியாக. ஷாஃபியில் அது வலியுறுத்தப்பட்ட சுன்னத், அதாவது கட்டாயமில்லாத நபிவழி. ஒரு வீட்டிலிருந்து ஒருவர் கொடுத்தால் வீட்டுக்கே போதும். வெள்ளாடோ செம்மறியோ ஒருவருக்கு ஒன்று. மாடானால் ஏழு பேர் சேரலாம். தனியாக ஆடு வாங்க முடியாதவர்களுக்கு இந்த ஏழில் ஒரு பங்குதான் வழி. இன்றைக்கு நகரங்களில் பாதி வீடுகளில் ஆடே வருவதில்லை என்பேன். பள்ளிவாசலில் பங்குக்குப் பணம் கட்டி ரசீது வாங்கிவிடுகிறார்கள், கறி பையில் வருகிறது. வறுமை மிகுந்த வெளியூர்களில் கொடுக்கச் சொல்லி முழுப் பணத்தையும் அனுப்பிவிடுபவர்களும் உண்டு.

சந்தைக்கு வருகிறேன், இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளும். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கீழே எட்டு. எட்டும் பால் பற்களாக இருந்தால் குட்டி என்று பொருள். நடுவில் உள்ள ஒரு ஜோடி விழுந்து பெரிய பற்கள் முளைத்தால் 'இரண்டு பல்' என்பார்கள். ஏறக்குறைய பதினான்கு மாதத்திலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் நடக்கும். அடுத்த ஜோடி இரண்டு வயதை ஒட்டி முளைக்கும், அது 'நாலு பல்'. வெள்ளாட்டுக்கு ஹனஃபியில் ஒரு வயது முடிந்தால் போதும், எனவே இரண்டு பல் பார்த்தால் கவலையில்லை. ஷாஃபியில் இரண்டு வயது முடிய வேண்டும். என் மனைவி நாலு பல் கேட்பது அதனால்தான். பல் முளைப்பது தீனியையும் இனத்தையும் பொறுத்து முன்பின் ஆகும். வளர்த்தவர் நம்பிக்கையானவராக இருந்து பிறந்த மாதத்தைச் சொன்னால் அது பல்லைவிட மேல். கண் ஒன்று தெளிவாகக் குருடு, நோய் வெளிப்படையாகத் தெரிவது, நொண்டுவது, எலும்பும் தோலுமாக மெலிந்தது ஆகிய நான்கும் கூடாது என்பது ஹதீஸிலேயே உள்ளது. விதை நீக்கிய கிடா கூடும். குறை என்று நினைத்துப் பலர் தவிர்க்கிறார்கள், தேவையில்லை.

எடையில் ஏமாறுவதுதான் அதிகம். உயிர் எடையில் ஏறக்குறைய பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் எலும்போடு கறி தேறும். முப்பது கிலோ கிடாவில் பதின்மூன்று, பதினான்கு கிலோ எதிர்பார்க்கலாம். முந்தைய இரவு உப்புப் போட்டுத் தீனி காட்டித் தண்ணீர் குடிக்க வைத்துக் கொண்டுவருகிற வியாபாரிகள் உண்டு. வயிறு பானைபோல இருக்கும், முதுகெலும்பைத் தடவினால் சதை இராது. வயிற்றைப் பார்க்காதீர்கள், முதுகைத் தடவுங்கள் என்றுதான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வேன். கன்னி ஆடும் கொடி ஆடும் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு உயிர். கொடி ஆட்டின் நீண்ட காலைப் பார்த்து மயங்கிவிட்டுப் பிறகு கறி குறைகிறது என்று குறைப்படுவார்கள். செம்மறி மலிவாகக் கிடைக்கும், மார்க்கத்திலும் தடையில்லை. ஆனால் தமிழ்நாட்டு வீட்டுப் பெண்களுக்கு வெள்ளாட்டுக் கறிதான் வேண்டும்.

இப்படி வாங்கிவந்த ஆடு உங்கள் காம்பவுண்டில் நிற்கிறது. அதன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மந்தையை விட்டுப் பிரிந்து, லாரியில் நின்று, இருபது ஊர் ஆடுகளோடு உரசிவிட்டு வந்திருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோயோ கோமாரியோ சந்தையில் ஒட்டியிருந்தால் சில நாளில் காய்ச்சலும் மூக்கொழுகலும் வெளிப்படும். ஆகவே முதல் இரண்டு நாள் அது சோர்ந்து நிற்பதை ஏக்கம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பெருநாளுக்கு முன்பே செத்துவிட்டால் வசதியுள்ளவர் இன்னொன்று வாங்க வேண்டும் என்பது ஹனஃபி தீர்ப்பு. நேர்ச்சை செய்திராத ஷாஃபிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் என் அனுபவத்தில் பக்ரீத் வாரத்தில் நோயால் செத்த ஆடுகளைவிட அன்பால் செத்த ஆடுகள் அதிகம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முந்தைய நாள் இரவு தீனியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். வீட்டில் இஞ்சி பூண்டு உரிக்கும் வேலை நடக்கும், ஐந்து பெண்கள் உட்கார்ந்தால் ஒரு தெருக்கதை முடியும். ஆண்கள் கத்தியைத் தீட்டி வைப்பார்கள், புளியமரக் கட்டையைக் கழுவி வெயிலில் வைப்பார்கள். காலையில் குளித்து, புது உடுப்போ துவைத்த உடுப்போ போட்டு, அத்தர் பூசி, தக்பீர் சொல்லிக்கொண்டு ஈத்கா திடலுக்கோ பள்ளிவாசலுக்கோ போவார்கள். ரமலான் பெருநாளில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொழப் போவது சுன்னத். இதில் சாப்பிடாமல் போய்த் திரும்பி வந்து குர்பானிக் கறியில் சாப்பிடுவது சுன்னத். அதனால் தொழுகையையும் சற்று முன்னதாகவே வைப்பார்கள். இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று), பிறகு குத்பா என்னும் பிரசங்கம். போன வழியில் அல்லாமல் வேறு வழியாகத் திரும்புவார்கள். பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு கிடைக்கும். உங்கள் மகன் அந்த வீட்டு வாசலில் நின்றால் அவனுக்கும் கிடைக்கும், வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அறுப்பு தொழுகைக்குப் பிறகுதான். ஹனஃபிக்குப் பன்னிரண்டாம் நாள் சூரியன் மறையும் வரை, ஷாஃபிக்குப் பதின்மூன்றாம் நாள் மறையும் வரை அவகாசம் உண்டு. ஆனால் எல்லோருக்கும் முதல் நாள் காலையிலேயே வேண்டும், ஒரு மஹல்லாவுக்கு, அதாவது ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்புக்கு, அறுக்கத் தெரிந்தவர் நான்கு பேர். பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் ஒரு மணிக்கு வருவார். கொடுப்பவரே அறுப்பது சிறப்பு. முடியாதவர் பக்கத்தில் நிற்பார். பெண் அறுத்தாலும் செல்லும். ஆட்டை இடப்பக்கமாகக் கிடத்தி, கிப்லாவை நோக்கி, அதாவது நம் ஊரில் மேற்கே, இறைவன் பெயர் சொல்லிக் கழுத்தை அறுக்க வேண்டும். மூச்சுக்குழல், உணவுக்குழல், இரண்டு பக்க ரத்தக் குழாய்கள் அறுபட வேண்டும், தலை துண்டாகக்கூடாது. கத்தியை ஆட்டின் கண்ணெதிரே தீட்டக்கூடாது, ஒன்றின் முன்னால் மற்றொன்றை அறுக்கக்கூடாது, உயிர் முழுதும் அடங்கும் முன் தோலில் கை வைக்கக்கூடாது. இவை மார்க்கம் சொன்னவை. கால்நடை மருத்துவமும் இதற்கு மறுப்புச் சொல்லாது.

வலி இருக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். இந்த முறையில் வலியே இல்லை, ஆராய்ச்சி நிரூபித்துவிட்டது என்று எங்கள் ஆட்கள் சுற்றுக்கு விடும் செய்தியை நான் சொல்லமாட்டேன். விலங்கு மருத்துவர்களிடையே அது தீர்ந்த விஷயம் அல்ல. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கத்தி நல்ல கூராக இருந்து, தெரிந்த கை ஒரே வீச்சில் இரண்டு பக்கக் குழாய்களையும் அறுத்தால் ஆட்டுக்குப் பொதுவாகச் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். அதற்குப் பிறகு காலை உதைப்பது நரம்பின் துள்ளல். கத்தி மழுங்கியிருந்தால், பழக்கமில்லாத கை தடுமாறினால், அது துன்பம்தான். வருடத்துக்கு ஒருநாள் வீரம் காட்ட வரும் இளைஞனிடம் கத்தியைக் கொடுக்கிற வீட்டுக்காரர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். 'அறுத்தாலும் அழகிய முறையில் அறுங்கள். கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்குச் சிரமம் கொடுக்காதீர்கள்' என்ற கருத்தில் வரும் ஹதீஸ் பள்ளிவாசல் சுவரில் எழுதிப் போட வேண்டிய ஒன்று.

பிறகு நடப்பதெல்லாம் நேரத்தோடு ஓட்டம். தோலை உரித்து, குடலை எடுத்து, ரத்தத்தைக் கழுவி, கழிவைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். மாநகராட்சி வண்டி வரும் இடத்தில் பையில் கட்டி ஒப்படைக்க வேண்டும். சாக்கடையில் தள்ளிவிடுகிற வீடுகளும் இருக்கின்றன, அது எங்கள் தவறு, மறைப்பதற்கில்லை. முதலில் அடுப்பேறுவது ஈரல். மிளகும் உப்பும் போட்டுப் பத்து நிமிடத்தில் வதக்கி ஆளுக்கு ஒரு துண்டு. சுவரொட்டி எனும் மண்ணீரல் யாருக்கு என்பதில் வீட்டுக்கு வீடு சட்டம். எங்கள் வீட்டில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு. மதியம் திண்டுக்கல்லில் பிரியாணியும் தால்ச்சாவும் என்றால், கீழக்கரையில் நெய்ச்சோறும் கறி ஆணமும் வட்டலப்பமும். ஆணம் என்றால் குழம்பு; இந்தப் பழைய தமிழ்ச் சொல் எங்கள் அடுப்படிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தலையும் காலும் அடுத்த நாளுக்கு. மிஞ்சியதை மஞ்சளும் உப்பும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து வெயிலில் கட்டி உப்புக்கண்டம் போடுவது என் அம்மா காலத்து வழக்கம். 2012இல் பெருநாள் அக்டோபர் கடைசியில் வந்தது. மழையில் ஒரு சரம்கூடக் காயவில்லை. இப்போது கோடையில் வருகிறது, ஆனால் உப்புக்கண்டம் போடத்தான் ஆளில்லை, ஃப்ரீசர் வந்துவிட்டது.

அந்த ஃப்ரீசரைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. கறியை மூன்றாகப் பிரித்து, வீட்டுக்கு, சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும், ஏழைகளுக்கு என்று கொடுப்பது நல்ல வழக்கம். சரியாக மூன்றில் ஒன்று என்பது கட்டாய விகிதம் அல்ல. ஷாஃபியில் ஒரு பகுதியையாவது பச்சைக் கறியாக ஏழைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். நபிகள் நாயகம் ஒரு வருடம், மூன்று நாளுக்கு மேல் கறியை வைத்திருக்கக்கூடாது என்று தடுத்தார்கள். பசியோடு வெளியூர் மக்கள் மதீனாவுக்கு வந்திருந்த நேரம் அது. அடுத்த வருடம் உண்ணுங்கள், கொடுங்கள், சேமித்தும் வையுங்கள் என்று அனுமதித்தார்கள். அனுமதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெருநாளன்று மாலையில் எங்கள் பள்ளிவாசல் வாசலில் தூரத்து ஊர்களிலிருந்து பையோடு வந்து நிற்கும் பெண்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் ஃப்ரீசர் கதவைத் திறந்தால் கை கூசும். நிறைய வீடுகளில் கொழுப்பும் எலும்பும் அவர்களுக்குப் போய்விடுகிறது, தொடைக்கறி சம்பந்தி வீட்டுக்குப் போகிறது.

கூட்டுக் குர்பானியில் அப்படிச் செய்ய முடியாது. ஏழு பங்கையும் கண்ணளவில் பிரிக்காமல் தராசில் நிறுத்துச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்பது ஹனஃபி விதி. 'எனக்கு வணக்கமெல்லாம் இல்லை, கறி வேண்டும், ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒருவர் வந்தால் மற்ற ஆறு பேருடையதும் கெட்டுவிடும் என்பதால், பணம் வாங்கும்போதே நான் ஒவ்வொருவரிடமும் நிய்யத்தை, அதாவது என்ன எண்ணத்தோடு சேர்கிறார் என்பதை, கேட்டுவிடுவேன். அறுத்தவருக்குக் கூலியாகக் கறியோ தோலோ கொடுக்கக்கூடாது, பணமாகக் கொடுக்க வேண்டும். குர்பானி கொடுத்தவர் தோலை விற்று அனுபவிக்கக்கூடாது, தானமாகத்தான் போக வேண்டும். முன்பெல்லாம் மதரஸாக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்து தோல் வாங்கிப்போவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, எங்கள் திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலைகளுக்குப் போகும், அந்தப் பணத்தில் பிள்ளைகள் படித்தார்கள். இப்போது ஆட்டுத்தோல் விலை விழுந்துவிட்டது, உப்புப் போடும் செலவுகூடக் கட்டவில்லை என்று பலர் வருவதே இல்லை. கணக்கு நோட்டில் தோல் வரவு என்ற பத்தியை இன்னும் கோடு போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்குக் கறி வருமா என்றால், அநேகமாக வரும். முஸ்லிம் அல்லாதவருக்குக் குர்பானிக் கறி கொடுக்கலாம் என்பது ஹனஃபி நிலைப்பாடு. ஷாஃபி ஆலிம்களில் கூடாது என்பவர்களும் உண்டு, விருப்பத்தின் பேரில் கொடுக்கும் குர்பானியில் கூடும் என்பவர்களும் உண்டு. அதனால் சில வீடுகளில் உங்களுக்கென்று தனியாகக் கடைக்கறி வாங்கிச் சமைத்து அனுப்புவார்கள். என் மாமியார் அப்படித்தான் செய்வார். அதை ஒதுக்குதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சைவமானால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், வட்டலப்பமோ பாயசமோ வரும்; வட்டலப்பத்தில் முட்டை இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

இனி உங்கள் மகன். இதில் எனக்குப் படிப்பு இல்லை, ஒரு மகளை வளர்த்த அனுபவம் மட்டும்தான். அவளுக்கு ஏழு வயதில் ஒரு கருப்புக் கிடாவுக்குத் தன் ரிப்பனைக் கட்டிவிட்டாள். நானும் மற்ற தகப்பன்களைப்போல, அது ஊருக்குப் போகிறது என்று பொய் சொல்லி அவளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். மாலையில் வந்து வாளியில் கிடந்த ரிப்பனைப் பார்த்தாள். ஆட்டுக்காக அழுததைவிட நான் பொய் சொன்னதற்காக அழுததுதான் அதிகம். அதற்கு அடுத்த வருடம், ஆடு வந்த அன்றைக்கே உட்கார வைத்துச் சொன்னேன், இது எதற்காக வந்திருக்கிறது, எந்த நாளில் என்ன நடக்கும், நீ என்ன நினைக்கிறாய் என்று. கனவு கண்ட தகப்பனே பிள்ளையிடம் கேட்டிருக்கும்போது நான் கேட்காமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது. அவள், நான் பார்க்கமாட்டேன், ஆனால் இலை மட்டும் போடுவேன் என்றாள். இன்றுவரை அவள் பெருநாளன்று கறி சாப்பிடுவதில்லை, மறுநாள் சாப்பிடுவாள். வீட்டில் யாரும் அவளை எதுவும் சொன்னதில்லை. உங்கள் மகனுக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள்; முடிந்தால் பக்கத்து வீட்டுக்காரரையே சொல்லச் சொல்லுங்கள், ஆட்டோடு பழகிய பிள்ளை என்பதால் அவர் மறுக்கமாட்டார். அறுப்பைப் பார்க்க வேண்டாம் என்று அவன் சொன்னால் விட்டுவிடுங்கள், பார்க்கத்தான் வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் விதி இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளிலும் ஒன்றிரண்டு அன்று உள்ளறையில் தலையணைக்கடியில் முகம் புதைத்துக் கிடக்கும், அவனைத் துணைக்கு அங்கே அனுப்பலாம்.

ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டியது வேறு. தோசையை நிறுத்துங்கள். இலை தழை தின்று பழகிய ஆட்டுக்குத் திடீரென்று சோறு, கஞ்சி, தோசை, ரொட்டி, வாழைப்பழம் என்று மாவுப் பொருளும் இனிப்புமாகக் கொடுத்தால் இரைப்பையில் அமிலம் பெருகி, வயிறு உப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். ஒரே இரவில் செத்தும் போகும். பக்ரீத்துக்கு முந்தைய வாரத்தில் நடு இரவில் என் வீட்டுக் கதவைத் தட்டியவர்களில் பாதிப் பேர் இந்தக் காரணத்தால் வந்தவர்கள்தான். ஒருமுறை கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை அன்பாகக் கூடையோடு வைத்திருந்தார்கள், என்னால் காப்பாற்ற முடியவில்லை. அகத்திக் கீரை, வேப்பங்குழை, ஆல இலை, சவுண்டல் தழை, இவற்றில் எது கிடைத்தாலும் கட்டாகக் கட்டி ஆட்டின் தலை உயரத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள், தரையில் போட்டால் மிதித்துவிட்டுத் தின்னாது. தண்ணீர் வாளியைக் காலையும் மாலையும் கழுவி வைக்கும் பொறுப்பை உங்கள் மகனிடம் கொடுங்கள். ஆடு இன்று இரவு அசைபோடுகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். போடவில்லை என்றால் காலை வரை காத்திருக்காமல் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.